சிலம்பு இருக்கும் இடம்

"கதைகளில் குறியீடு என்கிறார்களே, ஒரு பாத்திரம் உள்ளுக்குள் மாறுவதைக் காட்ட அது எப்படி உதவுகிறது? அது எழுதியவர் நினைத்து வைத்ததா, படிப்பவர்கள் ஏற்றிச் சொல்வதா? ஓர் உதாரணத்தோடு விளக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

குறியீடு என்றதும் பலரும் ஓர் அகராதியை எதிர்பார்க்கிறார்கள். தாமரை என்றால் தூய்மை, விளக்கு என்றால் அறிவு, பாம்பு என்றால் ஆசை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தக் கதைக்குள்ளும் போக முடியாது. ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தாத்தா உட்காரும் சாய்வு நாற்காலி ஒன்று இருக்கிறது. அவர் இறந்த பிறகு பல மாதங்கள் அதில் யாரும் உட்காருவதில்லை. துடைத்துவைக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருநாள் மூத்த மகன் பேச்சுவாக்கில் அதில் உட்கார்ந்துவிடுகிறார். வீட்டில் யாரும் எதுவும் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் ஏதோ தெரிந்துவிடுகிறது. "நாற்காலி எதைக் குறிக்கிறது?" என்று கேட்டால் "அதிகாரம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லலாம். அது பெரிதாக எதையும் விளக்காது. "அந்த நாற்காலியில் முன்பு யார் இருந்தார், நடுவில் ஏன் காலியாக இருந்தது, இப்போது யார் இருக்கிறார்?" என்று கேட்டால் அந்தக் குடும்பத்தின் கதையே வந்துவிடும்.

இலக்கியத்தில் ஒரு மனிதரின் மாற்றத்தைப் படிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். பொருளைப் பின்தொடருங்கள். அது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எப்போது இடம் மாறுகிறது என்று பாருங்கள்.

இதற்கு உலகத்தில் எங்கெங்கோ உதாரணம் தேட வேண்டாம். சிலப்பதிகாரம் நம்மிடமே இருக்கிறது. பள்ளியில் வழக்குரை காதையை மனப்பாடப் பகுதியாகப் படித்தவர்கள்தான் நம்மில் பலர். "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்போம். நானும் அப்படித்தான். அந்தக் காட்சியை மட்டும் தனியாகப் படித்ததால், கண்ணகி பிறந்ததிலிருந்தே தலைவிரி கோலமாகச் சிலம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பவள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். முழு நூலையும் முதலிலிருந்து படித்தபோதுதான், அவள் அங்கே வந்து சேர எவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

முதலில் வரும் கண்ணகி பன்னிரண்டு வயதுப் பெண். கோவலனுக்குப் பதினாறு. புகாரில் பெரும் வணிகக் குடும்பங்கள் இரண்டும். மணமான புதிதில் கோவலன் அவளை "மாசறு பொன்னே, வலம்புரி முத்தே" என்று கொண்டாடித் தீர்க்கிறான். அந்தப் பாராட்டுக்கு நடுவே ஒரு பேச்சு வருகிறது. உனக்கு மங்கல அணி ஒன்று போதாதா, வேறு நகைகளை ஏன் அணிவித்தார்கள் என்று செல்லமாகக் கேட்கிறான். கண்ணகி பதில் எதுவும் பேசுவதில்லை. அந்தப் பகுதியில் அவள் குரலே நமக்குக் கேட்பதில்லை. அவள் பேசப்படுகிறாள், அவ்வளவுதான்.

அப்புறம் கோவலன் ஆடல் கணிகை மாதவியிடம் போய்விடுகிறான். நான்காவது காதையான அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், மாதவி அலங்காரத்தோடு இருக்கும் அதே மாலைப் பொழுதில் கண்ணகி எப்படி இருந்தாள் என்று நூலை எழுதிய இளங்கோ காட்டுகிறார். அந்த வருணனை அவள் முகத்திலிருந்து தொடங்கவில்லை, காலிலிருந்து தொடங்குகிறது. "அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய." அழகிய சிவந்த சிறிய பாதத்தில் சிலம்பு இல்லை. பிறகு இடையில் மேகலை இல்லை, காதில் குழை இல்லை, நெற்றியில் திலகம் இல்லை, கூந்தலில் எண்ணெய் இல்லை. நடுவில் ஒரு வரி: "மங்கல அணியின் பிறிதணி மகிழாள்." மங்கல அணியைத் தவிர வேறு எதையும் அவள் விரும்பவில்லை.

கோவலன் கொஞ்சலாகச் சொன்னது இப்போது நிஜமாகிவிட்டது. அவன் கேட்டபடியே மங்கல அணி மட்டும்தான் மிச்சம். இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணகியின் துயரத்தை இளங்கோ ஒரு புலம்பலாக எழுதவில்லை. கழற்றி வைத்த நகைகளைக் கணக்கெடுத்துக் காட்டுகிறார். அந்தக் கணக்கில் முதல் வரி சிலம்பு.

இங்கே அந்தக் காலத்து வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பெண்ணின் காலில் சிலம்பு இருப்பதும் இல்லாததும் சங்ககாலத்திலிருந்தே அர்த்தமுள்ள செய்தி. மணத்துக்கு முன் பெண்ணின் சிலம்பைக் கழற்றும் சடங்குக்குச் சிலம்புகழி நோன்பு என்று பெயர். ஐங்குறுநூற்றில் ஒரு தாய், தன் மகளை உடன்போக்கில் அழைத்துப்போன தலைவனின் வீட்டாருக்குச் சொல்லியனுப்புகிறாள்: சிலம்பு கழிக்கும் சடங்கை உங்கள் வீட்டில் நடத்தினாலும் நடத்துங்கள், திருமணத்தையாவது எங்கள் வீட்டில் வையுங்கள். அந்தத் தாய்க்கு இருந்த ஏக்கம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போவதைச் சிலம்பு ஏற்கெனவே குறித்துக்கொண்டிருந்தது. இளங்கோ வெறும் கையோடு தொடங்கவில்லை. மக்கள் வாழ்க்கையில் அர்த்தம் ஏறியிருந்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை வேறொரு பயணத்துக்கு அனுப்புகிறார்.

அடுத்து, சிலம்பு பெட்டிக்குள் இருக்கிறது. தோழி தேவந்தி வந்து, சோமகுண்டம் சூரியகுண்டத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்கிறாள். "பீடன்று" என்று ஒற்றைச் சொல்லில் மறுக்கிறாள் கண்ணகி. அது பெருமை ஆகாது என்று அர்த்தம். பேசாமலே இருந்த பெண்ணுக்குள் என்ன இருந்தது என்று நமக்கு முதலில் தெரிவது இங்கேதான். உடனே கோவலன் வந்து நிற்கிறான். குலம் சேர்த்த செல்வமெல்லாம் தொலைந்தது, வறுமை வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் சிரித்த முகத்தோடு, "சிலம்பு உள, கொண்ம்" என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிக்குக் கொடுக்கத்தான் பணமில்லாமல் வந்திருக்கிறான் என்று எண்ணி அப்படிச் சொன்னாள் என்பார்கள் உரைகாரர்கள். அப்படி எடுத்துக்கொண்டால் அந்தச் சிரிப்பின் பின்னால் இருக்கும் வலி தாங்க முடியாதது. கோவலனோ, இந்தச் சிலம்பை முதலாக வைத்து இழந்ததைத் திரும்பச் சம்பாதிக்கிறேன், மதுரைக்குப் போகலாம் என்கிறான்.

காலில் நகையாக இருந்தது, கழற்றியபோது துயரமாக ஆனது, இப்போது வியாபார முதலாகிவிட்டது. பொருள் அதேதான். இடம் மாறிவிட்டது.

விடிவதற்கு முன் இருவரும் கிளம்புகிறார்கள். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, களைத்துப்போய், "மதுரை மூதூர் யாது?" என்று கேட்கிறாள் கண்ணகி. மதுரை எது, வந்துவிட்டதா என்று குழந்தைபோலக் கேட்கிறாள். கோவலன் சிரித்தபடி, பக்கத்தில்தான் இருக்கிறது என்கிறான். பிறகு மதுரைக்கு வெளியே ஆயர்குலப் பெண் மாதரியிடம் அவளை அடைக்கலமாகக் கொடுக்கும்போது, வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் சொல்லும் ஒரு வரி வருகிறது: "வண்ணச் சீறடி மண்மகள் அறிந்திலள்." அவள் பாதத்தைப் பூமியே அறிந்ததில்லை. அப்படி வளர்ந்த பெண். சிலம்பு காலை விட்டுப் போன பிறகுதான் அந்தக் கால் மண்ணை அறிகிறது. மதுரை எது என்று கேட்ட இதே பெண் அந்த மதுரையை என்ன செய்யப்போகிறாள் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சின்னக் கேள்வி நெஞ்சைப் பிசைகிறது.

கொலைக்களக் காதையில், சிலம்பை விற்கக் கிளம்புவதற்கு முன் கோவலன் வருந்துகிறான். எழுந்து வா என்றதும் வந்துவிட்டாயே, என்ன செய்துவிட்டாய் என்கிறான். அப்போது கண்ணகி சொல்லும் பதிலைப் பலரும் கவனிப்பதில்லை. விருந்தினரை எதிர்கொள்ளும் இல்லறக் கடமைகளை நான் இழந்தேன் என்கிறாள். "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்கிறாள். நீங்கள் நடந்துகொண்ட விதம் போற்றத் தக்கதல்ல என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறாள். கோபத்தில் கத்தவில்லை. சோறு போட்டு, வெற்றிலை கொடுத்து, நிதானமாகச் சொல்கிறாள். கண்ணகி ஒரே நாளில் வெடித்தாள் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்க வேண்டும். மாற்றம் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

கோவலன் ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான். இணை பிரிந்த இரண்டில் ஒன்று அவளிடம், ஒன்று அவனிடம். இனி அந்த இரண்டும் மீண்டும் ஒன்றாக இருக்கப்போவது அரசவையில்தான், அதுவும் ஒரு கணம்.

அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் என்று அவன் கொல்லப்பட்ட செய்தி வந்ததும், "காய்கதிர்ச் செல்வனே, கள்வனோ என் கணவன்?" என்று சூரியனைக் கேட்கிறாள். கள்வன் அல்லன், இவ்வூரைத் தீ உண்ணும் என்று குரல் வருகிறது. அடுத்த காட்சியில் மிஞ்சிய சிலம்பு அவள் கையில் இருக்கிறது. காலில் அணிவது கைக்கு வந்துவிட்டது. இந்த நூலின் உயிரான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். செம்பொன் சிலம்பொன்றைக் கையில் ஏந்திய அவளைத் தெருவில் பார்த்த மதுரை மக்கள், "வம்பப் பெருந்தெய்வம் வந்தது இதுவென்கொல்" என்கிறார்கள். வம்ப என்றால் புதிய. இதுவரை பார்க்காத ஒரு புதுத் தெய்வம் வந்திருக்கிறதே என்று கலங்குகிறார்கள். அரண்மனைக் காவலன் மன்னனிடம் ஓடி, கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என்று தனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி விலக்கிவிட்டு, கையில் சிலம்பு ஏந்தியவள், கணவனை இழந்தவள் வாசலில் நிற்கிறாள் என்கிறான். அவள் யார் என்று சொல்ல அவனிடம் பெயர் இல்லை. அவள் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடிகிறது.

வழக்கு நடக்கிறது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்கிறான் பாண்டியன். அவள் அவனை அங்கே "கொற்கை வேந்தே" என்று அழைக்கிறாள். கொற்கை முத்துக் குளிக்கும் துறை. அழைத்துவிட்டு, என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே கிடந்து ஒலிக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அவன். முத்துத் துறைக்காரன் வேறென்ன சொல்வான்? கொண்டுவந்து வைத்த சிலம்பை அவள் உடைக்கிறாள். "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே." மணி மன்னனின் வாய்ப்பக்கமாகத் தெறிக்கிறது. கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று ஆராயாமல் ஆணையிட்ட வாய் அது. "யானோ அரசன், யானே கள்வன்" என்ற சொல்லும் அதே வாயிலிருந்துதான் வருகிறது.

இங்கே நின்று யோசியுங்கள். வெளியே பார்த்தால் அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் ஒன்றுபோல இருந்தன. வித்தியாசம் உள்ளே இருந்தது. உடைத்தால்தான் தெரியும். கண்ணகியும் அப்படித்தானே? புகாரில் அமைதியாக இருந்த பெண்ணை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவளுக்குள் என்ன பரல் கிடந்தது என்று தெரிந்திருக்காது. தேவந்திக்குச் சொன்ன "பீடன்று" அந்தப் பரலின் முதல் ஒலி. அப்படிப் பார்த்தால் அவள் வேறொருத்தியாக மாறிவிடவில்லை, உள்ளே இருந்தது உடைந்து வெளியே வந்தது. இலக்கியம் காட்டும் மனமாற்றங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை என்பது என் எண்ணம்.

சரி, இதையெல்லாம் இளங்கோ நினைத்துத்தான் எழுதினாரா, நாம் ஏற்றிச் சொல்கிறோமா? சிலப்பதிகாரத்தில் இந்தக் கேள்விக்கு நூலே பதில் சொல்லிவிடுகிறது. நூலின் முன்னுரையான பதிகத்தில், மூன்று உண்மைகளைச் சொல்ல "சூழ்வினைச் சிலம்பு காரணமாக" இந்த நூல் செய்யப்படுகிறது என்று வருகிறது. நாயகியின் பெயரை வைக்காமல் அவள் கால் நகையின் பெயரை ஒரு காப்பியத்துக்கு வைத்திருக்கிறார்கள். அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் "கொற்கை வேந்தே" என்ற விளியில் முத்து ஒளிந்திருக்கிறது என்று நான் சொன்னேனே, அதை இளங்கோ திட்டமிட்டாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. தேவையும் இல்லை. என் அளவுகோல் எளிமையானது. நீங்கள் சொல்லும் பொருள் நூலின் வேறு இடங்களோடு ஒட்டுகிறதா? ஒட்டினால் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டால், அது உங்கள் ரசனை. அதுவும் தப்பில்லை, ஆனால் வாதமாக வைக்காதீர்கள்.

எழுதியவரே பொருளைப் பூட்ட விரும்பாத இடங்களும் உண்டு. ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் 'உருமாற்றம்' கதையில் ஒருவன் காலையில் எழும்போது பூச்சியாகிக் கிடக்கிறான். 1915இல் அது நூலாக வந்தபோது, அட்டைப்படத்தில் அந்தப் பூச்சியை வரைந்துவிடுவார்களோ என்று பயந்து, தூரத்தில்கூட அதைக் காட்டக் கூடாது என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார் காஃப்கா. அட்டையில் வந்தது, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதனும் திறந்த கதவும். என்ன பூச்சி என்று படம் போட்டால், அது வெறும் பூச்சியாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "இந்தக் குறியீட்டின் பொருள் இதுதான்" என்று மதிப்பெண்ணுக்காக ஒரு வரியில் எழுதும்போதெல்லாம் நாம் அந்தப் பூச்சியை வரைந்துகொண்டிருக்கிறோம்.

கண்ணகியைப் பற்றிப் பேசிவிட்டு, கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலையை விட்டுவிட முடியாது. அவள் கதையில் பொருள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. தொடக்கத்தில் அவள் கையில் பூமாலை. இந்திரவிழாவுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறாள். கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்டு அழுகிறாள். கண்ணீர் மாலையில் விழுகிறது. மாலை தூய்மை இழந்துவிட்டது, வேறு பூ பறித்து வா என்கிறாள் மாதவி. அந்தப் பூவுக்காக மலர்வனம் போனவள்தான் மணிபல்லவத் தீவுக்குப் போய்ச் சேர்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் ஒரு மாலையைக் கெடுத்தது. அதிலிருந்து முழுக் காப்பியமும் கிளம்புகிறது.

மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. ஆபுத்திரன் கையிலிருந்த பாத்திரம் அது. கணிகையர் மரபில் பிறந்த பெண்ணின் கையில் பிச்சைப் பாத்திரம். பாட்டி சித்திராபதி கொதித்துப்போகிறாள். அந்தப் பாத்திரத்தை வேறு பிச்சைக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவளைப் பொன் தேரில் ஏற்றிக்கொண்டு வருவேன் என்று சபதம் செய்கிறாள். அவளுக்குப் பேத்தியின் மனம் புரியவில்லை. ஆனால் போராட்டம் எந்தப் பொருளைச் சுற்றி என்பது சரியாகப் புரிந்திருக்கிறது. பாத்திரம் கையை விட்டால் பேத்தி திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போடுகிறாள்.

அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. அதற்குப் பிறகு அள்ள அள்ளக் குறையவில்லை. யானைத்தீ என்னும் அடங்காப் பசி நோயில் வாடிய காயசண்டிகையின் பசி அதில் தீர்கிறது. சிறைச்சாலைக்குள் போய்ப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். அரசனிடம் வரம் கேட்டு அந்தச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். கண்ணகியின் சிலம்பு உடைந்தபோது நீதி கிடைத்தது, ஓர் ஊர் எரிந்தது. மணிமேகலையின் பாத்திரம் நிறைந்தபோது சிறைச்சாலை ஒன்று அறச்சாலையாயிற்று. கோவலன் மகள் கையில் ஏந்திய பொருளையும், கோவலன் மனைவி கையில் ஏந்திய பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரட்டைக் காப்பியம் என்று ஏன் சொல்கிறோம் என்பது இன்னும் நன்றாகப் புரிகிறது.

இன்னொரு பொருளையும் சொல்லியாக வேண்டும். கல். அகலிகை கல்லானாள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், சாம்பலில் கிடந்து, காற்றை உண்டு வாழும்படிதான் சாபம். கல் என்பது பின்னால் வந்த கதைசொல்லிகள் சேர்த்தது. கம்பனில் அவள் கல். சேர்த்தவர்கள் யாராக இருந்தாலும் மனித மனத்தை அறிந்தவர்கள். அதிர்ச்சியில் உறைந்துபோனவர்களை "கல்லாகிட்டா" என்று இன்றும் வீட்டில் சொல்கிறோமே.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' அந்தக் கல்லை எடுத்து, கதை முடிந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. இராமன் காலடித் தூசி பட்டு அகலிகை பெண்ணாகிவிட்டாள். அப்புறம்? சாபம் போனதும் எல்லாம் சரியாகிவிடுமா? யார் பேசினாலும் அதில் வேறு அர்த்தம் இருக்குமோ என்று பயந்து பயந்து வாழ்கிறாள். கணவன் அருகில் வந்தால்கூட மனம் நடுங்குகிறது. வனவாசம் முடிந்து வந்த சீதை, தீக்குளித்ததைச் சொல்கிறாள். அப்படி நிரூபிக்கச் சொல்லிக் கேட்டது இராமன் என்று தெரிந்ததும் அகலிகைக்குள் ஏதோ அறுந்துவிடுகிறது. தனக்கு விமோசனம் கொடுத்தவனே இதைக் கேட்டானா? முடிவில் அவள் மீண்டும் கல்லாகிறாள். இந்த முறை யாரும் சபிக்கவில்லை.

முதல் கல் தண்டனை, இரண்டாவது கல் அவளே போய்ச் சேர்ந்த இடம். கல் என்ற பொருள் மாறவில்லை. அதற்குள் போகும் வழி மாறிவிட்டது. மாற்றம் என்றால் எப்போதும் முன்னேற்றம், விடுதலை, மலர்ச்சி என்று எதிர்பார்த்துப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கதை பெரிய இடி. சிலருக்குத் திரும்ப உறைந்துபோவதுதான் நிம்மதியாக இருக்கிறது என்று எழுதப் பெரிய துணிச்சல் வேண்டும். தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கதைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்றால், இந்தப் பதிலை நிறுத்திவிட்டுக்கூட அதைப் படியுங்கள்.

கண்ணகியும் கடைசியில் கல்லாகிறாள், தெரியுமா? மதுரை எரிந்த பிறகு கொற்றவை கோயில் வாசலில் தன் பொன் வளையை உடைத்துவிட்டு, கிழக்கு வாசல் வழியாகக் கணவனோடு வந்தேன், மேற்கு வாசல் வழியாகத் தனியாகப் போகிறேன் என்று சொல்லி நடக்கிறாள். அப்போது அவள் உடம்பில் நகை எதுவும் இல்லை. வைகைக் கரை வழியாகச் சேரநாட்டு மலையில் ஏறி, வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினான்காம் நாள் கோவலனோடு வானுலகம் போனாள் என்று குன்றவர் சொல்கிறார்கள். அவளுக்குப் படிமம் அமைக்கச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவருகிறான். கங்கையில் நீராட்டிய அந்தக் கல்லைச் சுமந்துவந்தவை, அவனிடம் தோற்ற கனக விசயரின் முடித்தலைகள். அகலிகை மேல் ஏறிய கல்லுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! மண்ணே அறியாத பாதம் கொண்ட பெண்ணுக்கு ஒரு மலையே தேடிவருகிறது.

பெரும்பாலான வகுப்பறைகள் மதுரையோடு சிலம்பை முடித்துவிடுகின்றன. நூலின் கடைசிப் பகுதியான வஞ்சிக் காண்டத்தை அரசியல் இணைப்பு என்று ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சிலம்பைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் வாழ்த்துக் காதை வரை வந்தாக வேண்டும். ஏனென்றால் உடைந்த சிலம்பு என்னவாயிற்று என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

கண்ணகிக்கு எழுப்பிய கோயிலான பத்தினிக் கோட்டத்தின் முன்னால் தேவந்தியும், கண்ணகியின் செவிலியும், மாதரி மகள் ஐயையும் நின்று அரற்றுகிறார்கள். அப்போது செங்குட்டுவன் வானத்தில் ஒரு மின்னல் கொடியைப் பார்க்கிறான். "என்னே இஃது, என்னே இஃது" என்று வியந்துபோய், தான் பார்த்ததைச் சொல்கிறான். பொன் சிலம்பு, மேகலை, வளையணிந்த கை, வைரம் பதித்த தோடு. முதலில் அவன் சொல்வது சிலம்பு. அந்திமாலையில் எந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கழன்றனவோ, அதே சிலம்பு, அதே மேகலை, கொற்றவை வாசலில் உடைந்த அதே வளை எல்லாம் அவளிடம் திரும்ப வந்திருக்கின்றன.

அந்தக் கோலத்தில் கண்ணகி பேசுகிறாள். "தென்னவன் தீதிலன்" என்கிறாள். பாண்டியன் குற்றமற்றவன், அவன் இப்போது தேவர்கோன் கோயிலில் நல்விருந்தாக இருக்கிறான், "நான் அவன்தன் மகள்" என்கிறாள். தன் கணவனைக் கொன்றவனைத் தந்தை என்கிறாள். எந்த அவையில் நின்று அவனைத் தேரா மன்னா என்று அழைத்தாளோ, அந்த அவையை அவள் மறக்கவில்லை. சிலம்பு அவள் கையை விட்டு இறங்கி மறுபடி காலுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.